மறியலுக்கு அனுப்பினாப் போல காணுமோ, உள்ளுக்க என்ன நடக்குதெண்டு ஆர் பாக்கிறது?

ஆசிரியருக்கு வணக்கம்.

போன கிழமை உங்கட பேப்பரில ஐஸ் எண்ட போதைமருந்து பாவிக்கிற பொடியளைப் பற்றி ஒரு வாசகர் எழுதின கடிதம் வாசிச்சன். பிடிக்கிறாங்கள், உள்ளுக்க போடுறாங்கள், ரெண்டு மாதத்தில வெளியில வந்து அதே சந்தியில அதே மதகில குந்தியிருக்கிறாங்கள், மறியல் இப்ப மாமியார் வீடாப் போச்சு, உள்ளுக்க இன்னும் இறுக்கவேணும், சாப்பாட்டைக் குறைச்சு அடிச்சு வேலை வாங்கினாத்தான் திருந்துவாங்கள் எண்டு எழுதியிருந்தவர். அவற்ற கோவம் எனக்கு வடிவா விளங்குது. என்ர கிணத்தடியில இருந்த தண்ணிப் பம்பியையும் ரெண்டு வரியத்துக்கு முன்னம் இரவோட இரவாக் கழட்டிக்கொண்டு போட்டாங்கள், அண்டைக்கு விடிய வெறும் பைப்பைப் பாத்துக்கொண்டு நிக்கேக்க எனக்கும் வாயில வந்தது உந்த வாசகர் எழுதின சொல்லுத்தான். ஆனா அவர் சொன்னதில ஒரு விசயம் சரி, மற்றது பிழை. திரும்பத் திரும்பப் போய் வாறாங்கள் எண்டது சரி. உள்ளுக்க சொகுசா இருக்கிறபடியாத்தான் திரும்பப் போறாங்கள் எண்டது பிழை. நான் கண்ணால கண்டதுக்கு அது நேர்மாறு.

நான் விசுவமடுவில ஓடாவி வேலை செய்யிறவன். நிலை, கதவு, யன்னல், கட்டில் எல்லாம் செய்வம். பட்டறையில எப்பவும் மூண்டு நாலு பொடியள் நிப்பாங்கள், படிப்பு ஏறாமல் விட்டவங்கள், தகப்பன் இல்லாதவங்கள், சண்டையில கையில காலில காயப்பட்டவங்கள் எண்டு கன பேரை வைச்சுப் பழக்கியிருக்கிறன். அதில ரெண்டு பேர் மறியலுக்குப் போய் வந்தவங்கள். அவங்கட கதையைத்தான் எழுதப்போறன், பேர் எழுதமாட்டன், எந்த மறியல் எந்த கோர்ட் எண்டும் எழுதமாட்டன், ஏனெண்டா அதில ஒருத்தன்ர தாய் இண்டைக்கும் அந்த வாசலுக்குத்தான் பார்சல் கொண்டு போய்வாறா.

முதலாவது பெடியன் எங்கட பக்கத்து வளவு. தகப்பன் கடைசிச் சண்டையில காணாமல் போனவர். தாய் தோட்டக் கூலி. இவன் பட்டறைக்கு வாறதும் விடுறதுமா இருந்தவன், பிறகு ஆரோ கூப்பிட்டாங்கள் எண்டு மணல் ஏத்துற ட்ரக்டரில லோட் அடிக்கப் போட்டான், இரவில போய் கனகராயன் ஆத்துப் பக்கம் அள்ளிக்கொண்டு விடியமுதல் வாறது, பெர்மிட் ஒண்டும் இல்லை. ஒருநாள் பொலிஸ் மறிச்சது, ட்ரக்டர்காரன் பாய்ஞ்சு ஓடிட்டான், மண்வெட்டியோட நிண்ட இவன் பிடிபட்டான். அப்ப வயது பத்தொன்பது. கோர்ட்டில பிணை குடுத்தது, குடுக்கேல்லை எண்டு சொல்லேலாது, ஆனா ரெண்டு ஆள் பிணை, கிராம சேவகரிட்டக் கடிதம், வருமானம் காட்டவேணும், தாய்க்கு அண்டைக்கு ஆரைக் கூட்டிக்கொண்டு போறதெண்டே தெரியாது, நானும் அந்த நேரம் மன்னாரில வேலைக்கு நிண்டனான். பதினாலு நாள் விளக்கமறியல். பிறகு இன்னொரு பதினாலு நாள். பிறகு இன்னொண்டு. நாப்பத்திரெண்டு நாள் உள்ளுக்க.

அந்த நாப்பத்திரெண்டு நாளில நடந்ததை அவன் எனக்குப் பிறகு சொன்னவன், ஒரே நாளில சொல்லேல்லை, வேலை செய்யேக்க கொஞ்சம் கொஞ்சமாச் சொன்னது. ஒரு அறைக்குள்ள கணக்குக்கு மிஞ்சி ஆக்கள். இரவில நிமிந்து படுக்கேலாது, எல்லாரும் ஒரு பக்கமாச் சரிஞ்சு ஒருத்தன்ர முதுகில மற்றவன்ர நெஞ்சு முட்டத்தான் படுக்கிறது, ஒராள் திரும்பவேணும் எண்டா அந்த வரிசை முழுக்கத் திரும்பவேணும். புதுசா வாறவனுக்கு கக்கூஸ் வாசல்தான் இடம், அதில இரவு முழுக்க ஆக்கள் கடந்து போவாங்கள், தண்ணி நனையும், நித்திரை வராது. ஐஞ்சாம் நாள் ஒரு ஆள், முப்பத்தைஞ்சு வயது இருக்குமாம், ஏழெட்டுத் தரம் உள்ளுக்க வந்து பழகினவன், தம்பி இஞ்சால வா எண்டு சுவரோரம் இடம் எடுத்துக் குடுத்தவன். சவுக்காரம் குடுத்தவன். வீட்டுச் சாப்பாட்டில பங்கு குடுத்தவன். நாப்பதாவது நாள் தன்ர லோயரைச் சொல்லி இவனுக்கும் பிணைக்கு ஆள் ஒழுங்கு பண்ணினதும் அவன்தான்.

சும்மா ஆரும் உப்பிடிச் செய்வினமோ? போகேக்க என்ர பக்கத்து வளவுப் பெடியனுக்குப் பாடமாத் தெரிஞ்ச போன் நம்பர் தாயின்ர ஒண்டுதான், வரேக்க நாலு நம்பர் பாடம், லோயர்க் காசு எண்டு கடனும். அந்தக் கடனைக் காசாக் கட்டத் தேவையில்லை, ஒரு பார்சலைக் கொண்டுபோய் ஒரு இடத்தில குடுத்தாச் சரி எண்டு போன் வந்தது. ஒரு பார்சல் ரெண்டாகி, பிறகு தானும் அதில கொஞ்சம் இழுத்துப் பாத்து, ஏழு மாதத்தில ஐஸோட பிடிபட்டான். மண் அள்ளப் போனவன் ஐஸ் காரனா வந்தது மறியலுக்குள்ளாலதான், ஊருக்குள்ளால இல்லை. இப்ப இருக்கிறது சும்மா வழக்கில்லை. 2022 இல 41 ஆம் இலக்கச் சட்டத்தால ஐஸையும் ஹெரோயின் மாதிரிக் கடும் தண்டனைக்குள்ள கொண்டு வந்திட்டினம், லேசில பிணை கிடைக்காது, தவணை தவணையா இழுபடுது.

இதை ஒரு பெடியன்ர கதை எண்டு விட்டிடலாம். ஆனா நாட்டுக் கணக்கைப் பாருங்கோ. இலங்கை முழுக்க மறியல்சாலையளில சுமார் 12,000 பேர் அளவுக்குத்தான் இடம் இருக்கு, கன வரியமா உள்ளுக்க இருக்கிறது 25,000 க்கும் மேல. அதில பெரும்பகுதி தண்டனை பெற்றவையே இல்லை, வழக்கு முடியாமல் விளக்கமறியலில கிடக்கிறவை. கொழும்பு வெலிக்கடை மறியல் 1841 இல வெள்ளைக்காரன் கட்டினது. இண்டைக்கும் மறியலை நடத்துற கட்டளைச்சட்டம் 1877 ஆம் ஆண்டின்ர 16 ஆம் இலக்கம். 2020 இல மனித உரிமைகள் ஆணைக்குழு நாடு முழுக்க மறியல்சாலையளுக்குள்ள போய்ப் பாத்து ஒரு பெரிய அறிக்கை விட்டது, அதில நெரிசல், கக்கூஸ், தண்ணி, மருந்து, அடி எல்லாம் விலாவாரியாக் கிடக்கு, என்ர பக்கத்து வளவுப் பெடியன் சொன்னதுக்கும் அதில கிடக்கிறதுக்கும் வித்தியாசம் குறைவு. அதே வரியம் நவம்பர் 29 மகர மறியலில கொரோனாப் பயத்தில கலவரம் வந்து 11 பேர் செத்தவை, நூறு பேருக்கு மேல காயம். 2012 நவம்பரில வெலிக்கடையில 27 பேர். 1983 யூலையில அதே வெலிக்கடையில தமிழ்க் கைதியள் 53 பேரை அடிச்சுச் சாகடிச்சதை நான் எழுதித்தான் உங்கட வாசகருக்குத் தெரியவேணும் எண்டில்லை. 2023 டிசம்பரில போதைமருந்தைப் பிடிக்கிறதுக்கு யுக்திய எண்டு பொலிஸ் தொடங்கி ஆயிரக்கணக்கில பிடிச்சவை, அவ்வளவு பேரும் போனது ஏற்கனவே நிரம்பி வழிஞ்ச அதே கட்டிடங்களுக்குத்தான்.

உள்ளுக்க இன்னும் இறுக்கவேணும் எண்டு எழுதின வாசகரும் வன்னி ஆள் எண்டா அவரை நான் ஒண்டு கேக்கிறன், நெரிசல் எண்டா என்ன எண்டு எங்களுக்குத் தெரியாதோ? 2009 இல முள்ளிவாய்க்காலால வந்த எங்களை செட்டிகுளம் மெனிக்பாம் முகாமிலயும் மற்ற முகாமுகளிலயும் கம்பிக்குள்ள வைச்சவை, எல்லாமாக் கிட்டத்தட்ட 2,80,000 சனம். ஒரு கூடாரத்துக்க ரெண்டு குடும்பம் மூண்டு குடும்பம், தண்ணிக்கு லைன், கக்கூசுக்கு லைன், சாப்பாட்டுக்கு லைன். நாங்கள் ஒரு குற்றமும் செய்தவை இல்லை, கோயில் தர்மகர்த்தாவா இருந்தவர், வாத்தியார், தோட்டம் செய்து நாலு பேருக்குக் குடுத்து வாழ்ந்தவர் எல்லாரும் அந்த லைனில நிண்டவை. ரெண்டாம் மாதம் என்ன நடந்தது? ஒரு வாளித் தண்ணிக்கு ஆளை ஆள் தள்ளினம். நான் ஒரு வயசானவரைத் தள்ளினனான், பெலமாத் தள்ளினனான், அவர் விழுந்தவர், நான் வாளியை நிரப்பிக்கொண்டு வந்தனான். என்ர மனுசி அண்டைக்கு என்னோட கதைக்கேல்லை. அந்த ஆளை நான் பிறகு காணேல்லை, மன்னிப்புக் கேக்கக் கிடைக்கேல்லை. அதுக்கு முதல் நான் ஆரையும் கை வைச்சவன் இல்லை. ஒரு மனுசனை அப்பிடி வைச்சிருந்தா அவனுக்குள்ள என்ன மாறும் எண்டதை எங்களைவிட ஆருக்குச் சொல்லித் தரவேணும்? அங்க எங்களோட எங்கட பிள்ளையள், எங்கட சாமி, எங்கட சொந்தம் இருந்தது, அதால வெளியில வந்து திரும்ப மனுசரானம். தனிய ஒரு பத்தொன்பது வயதுப் பெடியனை, ஏழெட்டுத் தரம் போய்வந்தவங்களுக்கு நடுவில படுக்க விட்டா?

என்ர மகள் கம்பஸில சமூகவியல் படிக்கிறா. உந்தப் பெடியன்ர கதையைக் கதைக்கேக்க அவ சொன்னா, அப்பா இது உலகம் முழுக்க ஆராய்ஞ்ச விசயம் எண்டு, எனக்குச் சிலதை வாசிச்சும் சொன்னவ. அமெரிக்காவில புளோரிடா மாநிலத்தில 169 இளைஞர் தடுப்பு நிலையங்களில இருந்த 8,000 க்கும் மேற்பட்ட பொடியளை எடுத்துப் பாத்திருக்கினம், ஆரோட ஆர் ஒரே காலத்தில உள்ளுக்க இருந்தவை, வெளியில வந்து ஆர் என்ன செய்தவை எண்டு. களவோ போதைமருந்தோ ஒரு விசயத்தில கொஞ்சம் கை வைச்சுப் பாத்தவனை அதில தேர்ந்தவங்களோட சேத்து வைச்சா அவன் வெளியில வந்து அதையே இன்னும் செய்யிறான் எண்டு கண்டிருக்கினம். எங்கட ஆக்கள் மறியலைக் கள்ளருக்குப் பள்ளிக்கூடம் எண்டு சும்மா சொல்லுறதை அவை கணக்கு வைச்சுக் காட்டியிருக்கினம்.

இத்தாலியில நடந்தது இன்னும் எங்களுக்குக் கிட்ட. 2006 இல அந்த நாட்டு அரசாங்கம் நெரிசலைக் குறைக்கப் பொதுமன்னிப்புக் குடுத்து 20,000 க்கும் மேல ஆக்களை ஒரேயடியா வெளியில விட்டது. எந்தெந்த மறியலில இருந்து வந்தவை திரும்பக் குற்றம் செய்யினம் எண்டு பிறகு மூண்டு ஆய்வாளர் பாத்திருக்கினம். நெரிசல் கூடின, உள்ளுக்க சாவு கூடின, மோசமான மறியலில இருந்து வந்தவன் பயந்துபோய் ஒழுங்கா இருந்தவனோ எண்டா, இல்லை. கடுமையா வைச்சது குற்றத்தைக் குறைச்சதுக்கு ஒரு அடையாளமும் இல்லை, சில இடத்தில கூடித்தான் இருக்கு. அதோட மறியல் பட்டினத்தில இருந்து எவ்வளவு தூரத்தில இருக்கோ, தனிச்சுக் கிடக்கோ, அதுக்கேத்த மாதிரித் திரும்பக் குற்றம் செய்யிறதும் கூடியிருக்கு. உங்கட வாசகர் சொல்லுற இறுக்கிறதை வேற ஒரு நாடு செய்துபாத்த கணக்கு இது.

தூரம் எண்டது எங்கட ஆக்களுக்குச் சின்ன விசயம் இல்லை. முல்லைத்தீவிலயும் கிளிநொச்சியிலயும் மறியல்சாலை இல்லை, பிடிபட்டா வவுனியாவுக்கோ யாழ்ப்பாணத்துக்கோ போகவேணும், தண்டனை விழுந்தா அனுராதபுரம், அதுக்கங்காலயும் போகும். நான் அந்தத் தாயோட ஒருநாள் போனனான். விடிய நாலரைக்கு சந்தியில பஸ் ஏறி, இடையில இறங்கி மாறி ஏறி, எட்டு மணிக்கு முதல் போய் லைனில நிக்கவேணும். அடையாள அட்டை, பேர், நம்பர், எல்லாம் சிங்களத்தில கேப்பினம், முன்னுக்கு நிண்ட ஒரு முஸ்லிம் அம்மாதான் எங்களுக்குச் சொல்லித் தந்தவ. பார்சலைப் பிரிச்சு ஒரு கரண்டியால சோத்தைக் கிளறி, மீன் துண்டை உடைச்சு, முட்டையை ரெண்டாப் பிளந்து பாத்தவை. பாக்கத்தான் வேணும், உள்ளுக்க என்னென்ன போகுதெண்டு எங்களுக்கும் தெரியும். ஆனா அந்தத் தாய் இரவு பன்ரெண்டு மணிக்கு எழும்பி மகனுக்குப் பிடிக்கும் எண்டு வைச்ச திருக்கைக் குழம்பு அதில கலங்கிப் போனதைப் பாத்துக்கொண்டு நிண்டவ. பிறகு வலைக்கம்பிக்கு இஞ்சால பதினைஞ்சு பேர், அங்கால பதினைஞ்சு பேர், எல்லாரும் ஒரே நேரத்தில கத்துறது. அவவுக்குக் கிடைச்சது ஐஞ்சு நிமிசம். அந்த ஐஞ்சு நிமிசத்தில அவ கேட்டது ஒண்டுதான், சாப்பிட்டியோ, சாப்பிட்டியோ எண்டு மூண்டு தரம், அவனுக்கு அது கேக்கேல்லை. வீட்ட வர பின்னேரம் நாலு மணி. ஒருநாள் கூலி போச்சு, பஸ் காசு, பார்சல் காசு. முதல் தரம் நாப்பத்திரெண்டு நாள் இருக்கேக்க அவ ரெண்டு தரம்தான் போனவ, ஏன் போகேல்லை எண்டு ஆரும் அவவைக் கேக்கேலாது. அந்த இடைவெளிக்குள்ளதான் சவுக்காரம் குடுத்தவன் அவனுக்குத் தாயும் தகப்பனும் ஆனவன்.

ரெண்டாவது பெடியனுக்கும் இவனுக்கும் உள்ள வித்தியாசம் இதில இருந்துதான் தொடங்குது. அவன் பழைய இரும்பு களவெடுத்தவன், ஒரு ஆளின்ர தண்ணிப் பம்பியும் அதுக்குள்ள, குற்றத்தை ஒப்புக்கொண்டவன், எட்டு மாதம் தண்டனை. அவனை வளத்தது அம்மம்மா. கிழவிக்கு எழுபது தாண்டிட்டுது, ஆனா ரெண்டு கிழமைக்கு ஒருக்காப் போகாமல் விட்டதில்லை, என்ர மோட்டச் சைக்கிளில சந்தி மட்டும் கொண்டுபோய் விடுறது என்ர வேலை. ஒருநாள் நான் கிழவியிட்டச் சொல்லிவிட்டன், வெளியில வந்தா நேர பட்டறைக்கு வரச் சொல்லணை, இடம் இருக்கு எண்டு. கிழவி அதை வலைக்கம்பியால கத்திச் சொன்னதாம், அங்க நிண்ட எல்லாருக்கும் கேட்டதாம், அவன் பிறகு சொல்லுவான், மாமா அண்டைக்கு இரவு என்னை எல்லாரும் ஓடாவி எண்டு கூப்பிட்டவங்கள் எண்டு. அமெரிக்காவில மினசோட்டா மாநிலத்தில மறியலால வந்த 16,000 க்கும் மேற்பட்ட ஆக்களைப் பாத்த ஒரு ஆய்வையும் மகள் காட்டினவ, உள்ளுக்க இருக்கேக்க ஆக்கள் வந்து பாத்தவைக்குத் திரும்பப் பெரிய குற்றத்தில மாட்டுப்படுறது 13 வீதம் குறைவாம். அந்தக் கிழவிக்கு ஒரு ஆராய்ச்சியும் தெரியாது.

அவன் வந்த முதல் நாள் இரவை நான் மறக்கேல்லை. வீட்டுக்குக் கூரை ஒழுக்கு, அதால பட்டறை விறாந்தையில படுக்கச் சொன்னன். பெரிய விறாந்தை, பலகை அடுக்கின இடம் போக ஆறு பேர் தாராளமாப் படுக்கலாம். நான் ஒரு மணி போல எழும்பி வந்து பாக்கிறன், அவன் சுவரோரமா, ஒரு பக்கம் சரிஞ்சு, முழங்காலை மடிச்சு, ஒரு பலகை அகலத்துக்குள்ள படுத்திருக்கிறான். மற்ற இடம் எல்லாம் வெறுமை. அப்பிடித்தான் மூண்டு நாலு மாதம் படுத்தவன். பகலில வேலை செய்துகொண்டு நிப்பான், திடீரெண்டு சீவுளியைக் கீழ வைச்சிட்டு என்ர முன்னால வந்து கையைக் கட்டிக்கொண்டு நிப்பான், மாமா ஒருக்கா கக்கூசுக்குப் போட்டு வரட்டோ எண்டு. இருபத்திநாலு வயது ஆம்பிளை. டேய் அதுக்கேன்டா கேக்கிறாய் எண்டு எத்தினை தரம் சொல்லியிருப்பன். எட்டு மாதத்தில ஒரு மனுசனிட்ட இருந்து எடுத்ததைத் திருப்பிக் குடுக்க ஒரு வரியம் போச்சு. உள்ளுக்க என்னடா வேலை பழகினனீ எண்டு கேட்டன், கூட்டினனான் மாமா எண்டான். எட்டு மாதமும் அவன் பழகினது விளக்குமாறு பிடிக்கத்தான்.

இப்ப மூண்டு வரியம் தாண்டிட்டுது, ஒரு வழக்கும் இல்லை. முதிரையில நிலை போடுறதெண்டா அவனைத்தான் விடுவன், மூலை மட்டம் அவனுக்கு என்னைவிட வடிவா வருது. ஆனா லேசா வந்ததெண்டு நினையாதேங்கோ. கதவு பூட்டப் போன வீட்டில ஒரு அம்மா அவனை வாசலில நிப்பாட்டிப்போட்டு, உவனை உள்ளுக்க விடமாட்டன், நீங்கள் மட்டும் வாங்கோ எண்டவ. ஊரில எங்க என்ன காணாமல் போனாலும் முதலில அவனைத்தான் கூப்பிட்டு விசாரிப்பினம், வேலை நடுவில போவான், பின்னேரம் முகம் கறுத்து வருவான். ரெண்டு தரம் விட்டிட்டுப் போகப் பாத்தவன். சண்டை முடிஞ்சு தடுப்பு முகாமால வந்த இயக்கப் பொடியளுக்கு நாங்கள் அந்த நேரம் செய்ததும் இதுதான், வேலை குடுக்கப் பயந்தம், பொம்பிளை குடுக்கப் பயந்தம், பக்கத்தில நிக்கவே பயந்தம். ஒரு ஊர் தள்ளிவிட்டா அவனை அணைக்கிறதுக்கு சவுக்காரத்தோட நிக்கிறவன் எப்பவும் ஒருத்தன் இருப்பான்.

நோர்வேயில என்ர மச்சான் இருக்கிறார். சமாதானம் பேச வந்த நாடு எண்டுதான் எங்களுக்கு அதைத் தெரியும், ஆனா அங்கத்தை மறியலைப் பற்றி அவர் சொல்லேக்க முதலில நான் நம்பேல்லை. ஹால்டன் எண்டு 2010 இல திறந்த மறியல், ஆளுக்கு ஒரு அறை, காவலாளியள் கைதியளோட இருந்து சாப்பிடுவினமாம், மர வேலைப் பட்டறை இருக்காம், உளியும் வாளும் கைதியின்ர கையில குடுக்கினமாம். அந்த நாட்டில வெளியில வாறவையில ரெண்டு வரியத்துக்குள்ள திரும்பத் தண்டனை வாங்குறது கிட்டத்தட்ட ஐஞ்சில ஒராள். அமெரிக்காவில 2005 இல 30 மாநிலங்களில விடுபட்டவையைப் பாத்தா ஐஞ்சு வரியத்துக்குள்ள நாலில மூண்டு பேர் திரும்பக் கைதாகியிருக்கினம். ஒண்டு தண்டனைக் கணக்கு, மற்றது கைதுக் கணக்கு, வரியமும் வேற, அதால ரெண்டையும் அப்பிடியே பக்கத்தில வைச்சுப் பாக்கேலாது எண்டு மகள் சொல்லுறா, சரி. எங்களிட்ட நோர்வேயின்ர காசும் இல்லை. ஆனா ஒரு சீவுளி, ரெண்டு உளி, ஒரு மட்டப் பலகை, பழக்க ஒரு ஓடாவி, இதுக்கு எவ்வளவு காசு வேணும்? தெற்கில வட்டரெக்கவில இளம் கைதியளுக்கு மறியலுக்குள்ளயே பள்ளிக்கூடம் நடக்குது, ஓ.எல். எடுக்கினம். வன்னிப் பெடியனுக்கு அது தமிழில, வடக்கில வேணும். அமெரிக்காவில உள்ளுக்க படிச்சவையைப் பற்றின கன ஆய்வை 2013 இல ஒண்டாச் சேத்துப் பாத்திருக்கினம், படிச்சவை திரும்ப மறியலுக்கு வாறது நூற்றுக்குப் பதின்மூண்டு பேர் அளவுக்குக் குறைஞ்சிருக்கு.

இன்னொண்டும் எழுதவேணும். இஞ்ச உள்ளுக்க போற ஆக்களில கன பேர் தண்டப்பணம் கட்ட வழியில்லாமல் போறவை. எங்கட பக்கத்தில ஒரு மனுசி, புருசன் இல்லை, மூண்டு பிள்ளை, கசிப்பு எண்ட கள்ளச்சாராயத்தோட பிடிபட்டவ, தண்டம் கட்டக் காசில்லை, உள்ளுக்க போட்டா. பிள்ளையள் மூண்டு வீட்டில பிரிஞ்சு நிண்டதுகள். வந்து பாக்கிறா, நுண்கடன்காரன் வாசலில. திரும்பக் கசிப்புத்தான் காய்ச்சினவ, வேற என்ன செய்வா? இதுக்கெண்டு நாட்டில சட்டம் இல்லாமல் இல்லை. 1999 ஆம் ஆண்டு 46 ஆம் இலக்கச் சட்டம் எண்டு ஒண்டு இருக்கு, சமுதாயஞ்சார் சீர்திருத்தம் எண்டு சொல்லுவினம், ரெண்டு வரியத்துக்கு மேற்படாத மறியல் தண்டனை உள்ள சின்னக் குற்றம் எண்டா மறியலுக்கு அனுப்பாமல் ஊருக்குள்ளயே சம்பளமில்லாத வேலை, ஆலோசனை, தொழிற்பயிற்சி எண்டு நீதவான் கட்டளை போடலாம். 1997 ஆம் ஆண்டு 30 ஆம் இலக்கப் பிணைச் சட்டம் பிணை குடுக்கிறதுதான் விதி, மறுக்கிறது விதிவிலக்கு எண்டு சொல்லுது. சட்டம் வடிவாத்தான் கிடக்கு. அந்த மனுசி ஆறு மாதம் எங்கட சந்தியில பள்ளிக்கூட வளவைத் துப்பரவாக்கிப்போட்டுப் பின்னேரம் பிள்ளையளிட்டப் போயிருந்தா ஆருக்கு நட்டம்?

அதால நான் கேக்கிறது பெரிய விசயம் இல்லை. முதல் தரம் பிடிபட்டு வாற இளம் பொடியளை, அதுவும் விளக்கமறியலில இருக்கிறவங்களை, போய்ப் போய்ப் பழகினவங்களோட ஒரே அறையில படுக்க விடாதேங்கோ. வழக்கு முடியாதவையையும் தண்டனை பெற்றவையையும், இளம் ஆக்களையும் வயசானவையையும் பிரிச்சு வைக்கவேணும் எண்டு 2015 இல ஐ.நா. ஏத்துக்கொண்ட நெல்சன் மண்டேலா விதியளிலயே எழுதிக்கிடக்கு. ஒராள் உள்ளுக்க போற நாளில இருந்தே அவன் வெளியில வந்தாப்பிறகு என்ன செய்வான் எண்டு யோசிக்கவேணும் எண்டும் அதில கிடக்கு. ஆள்பிணைக்கு வழியில்லாத தாய்மாருக்கு கோர்ட் வாசலிலயே தமிழில விளங்கப்படுத்த ஒராள் வேணும், என்ர பக்கத்து வளவுப் பெடியன்ர கதை அந்த இடத்திலதான் பிழைச்சது. சனி ஞாயிறில பாக்க விட்டா கூலி வேலைக்காரருக்கு உதவி. பத்து நிமிசமெண்டாலும் கத்தாமல் கதைக்க ஒரு இடம் குடுங்கோ.

களவு குடுத்தவனுக்கும், ஐஸால பிள்ளையைப் பறிகுடுத்த தாய்க்கும் என்ன பதில் எண்டு உங்கட வாசகர் கேப்பார். கேக்கத்தான் வேணும். தண்டனை வேண்டாம் எண்டு நான் சொல்லேல்லை. என்ர பம்பியைக் கழட்டினவன் பிடிபட்டா நானும் கோர்ட்டுக்குப் போய்ச் சாட்சி சொல்லுவன். பெருந்தொகையா ஐஸ் இறக்கிறவன், பள்ளிக்கூட வாசலில விக்கிறவன் உள்ளுக்கதான் இருக்கவேணும், நெடுகலும் இருக்கட்டும். ஆனா எட்டு மாதத்துக்கோ நாப்பத்திரெண்டு நாளுக்கோ போறவன் திரும்பி வரத்தான் போறான், எங்கட சந்திக்குத்தான் வரப்போறான், வேற எங்கயும் போகமாட்டான். அவன் எப்பிடி வரவேணும் எண்டதில எனக்கும் பம்பி களவு குடுத்த மற்ற ஆக்களுக்கும் பங்கிருக்கு. உள்ளுக்க அடிச்சா அந்த அடியை வேண்டுறது ஆர் எண்டு யோசிச்சுப் பாருங்கோ, அது கடைசியில எங்கட கிணத்தடிக்குத்தான் வரும்.

ஆசிரியர் ஐயா, உங்களிட்டயும் ஒரு கேள்வி இருக்கு. ஒராள் பிடிபட்டா அவன்ர படத்தோட முதல் பக்கத்தில போடுறியள், முகத்தை மறைச்சாலும் ஊர் பேர் வயது போட்டா எங்களுக்கு ஆளைத் தெரியும். வழக்கில விடுபட்டா ஒரு வரியும் வாறதில்லை. அதை நிப்பாட்டுங்கோ. அதோட உந்த 46 ஆம் இலக்கச் சட்டத்தில ஆர் விண்ணப்பிக்கலாம், எந்த உத்தியோகத்தரிட்டப் போறது, பிணைக்கு என்னென்ன பேப்பர் வேணும் எண்டதைத் தமிழில, எங்கட அம்மாமாருக்கு விளங்கிற மாதிரி ஒரு பக்கம் போடுங்கோ. உங்கட நிருபர் ஒராளை ஒருநாள் விடிய ஐஞ்சு மணிக்கு அனுப்புங்கோ, மறியல் வாசல் லைனில பார்சலோட நிக்கிற ஆக்களோட கதைக்கச் சொல்லுங்கோ. என்ர பக்கத்து வளவு அம்மா வாற செவ்வாய்க்கிழமை அங்க நிப்பா, கதைக்கிறதெண்டா தான் கதைக்கிறன் எண்டு சொல்லியிருக்கிறா. நானும் கூடப் போறன், பட்டறையை அண்டைக்குப் பாக்கிறது மற்றப் பெடியன்தான்.

இப்படிக்கு,
ஒரு ஓடாவி,
விசுவமடு.